போத்தனூர் டு பெர்த்: ரயில்வே காலனியில் இருந்து குடியுரிமை தேடிப் போனவர்கள்

கோவை ரயில் நிலையத்தில் பாலக்காடு பக்கம் போகும் ரயிலில் ஏறினால், சில நிமிடங்களில் போத்தனூர் ஜங்ஷன் வந்துவிடும். இன்று பலருக்கு இது 'கோவைக்குள் போகாத ரயிலைப் பிடிக்கிற ஸ்டேஷன்'. ஆனால், ரயில் விஷயத்தில் கோவைக்கு மூத்தது போத்தனூர்தான்.

சென்னையையும் அரபிக்கடல் ஓரத்துப் பேப்பூரையும் இணைத்து மெட்ராஸ் ரயில்வே போட்ட பாதை, 1862-ல் போத்தனூரைத் தொட்டது. கோவை வழியாக மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை வந்தது 1873-ல்தான். அதனால் ஊட்டிக்குப் போகும் துரைமார்கள் எல்லோரும் போத்தனூரில் இறங்கித்தான் ரயில் மாறினார்கள்.

ஜங்ஷன் வளர, ஸ்டேஷனைச் சுற்றி ரயில்வே காலனியும் வளர்ந்தது. இன்ஜின் டிரைவர், கார்டு, ஃபோர்மேன் என்று அங்கே குடியேறியவர்களில் ஆங்கிலோ இந்தியர்கள் கணிசம். ஊர் பேச்சில் அவர்கள் 'சட்டைக்காரங்க'. வீட்டில் ஆங்கிலம், ஞாயிறு தேவாலயம், கிறிஸ்துமஸுக்கு நடனம் என்று அது தனி உலகம்.

10 வருடக் கெடு

1947-ல் அந்த உலகம் ஆட்டம் கண்டது. ஆங்கிலோ இந்தியர் யார் என்பதற்கு நம் அரசியலமைப்பின் 366-வது பிரிவு விளக்கம் சொல்கிறது: தந்தை வழியில் ஒரு முன்னோராவது ஐரோப்பியராக இருக்க வேண்டும், ஆனால், பிறப்பாலும் வாழ்க்கையாலும் இந்த மண்ணைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ரயில்வே, சுங்கம், தபால், தந்தித் துறைகளில் அவர்களுக்கு இருந்த இட ஒதுக்கீட்டை 336-வது பிரிவு உடனே எடுத்துவிடவில்லை. 2 வருடத்துக்கு ஒருமுறை 10 சதவிகிதம் குறைத்து, 10 ஆண்டுகளில் முடித்துக்கொள்ளச் சொன்னது.

அப்பா டிரைவர் என்றால் பையனுக்கும் ரயில்வே வேலை என்று இருந்த குடும்பங்களுக்கு இது பெரிய கேள்வி. 'பசங்களுக்கு இங்கே என்ன இருக்கிறது?' பதில் தேடியவர்கள் கப்பல் ஏறினார்கள்.

தாத்தா யார்?

அப்போது பிரிட்டனுக்குள் நுழைவது எளிது. காமன்வெல்த் நாட்டவர் யாரும் போகலாம். 1962 ஜூலையில் புதிய குடியேற்றச் சட்டம் வந்த பிறகு அந்தக் கதவு பாதி மூடிக்கொண்டது.

ஆஸ்திரேலியாவுக்குப் போவது வேறு மாதிரி. 1947 ஆகஸ்ட் 15 அன்று, இங்கே கொடி ஏறிய அதே நாளில், நூற்றுக்கணக்கான ஆங்கிலோ இந்தியர்களுடன் 'மனூரா' என்ற கப்பல் பெர்த் அருகே உள்ள ஃபிரீமாண்டில் துறைமுகத்தை அடைந்தது. ஆனால், அங்கே 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கை இருந்தது. கலப்பு வம்சாவளியினர் முக்கால்வாசியாவது ஐரோப்பியர் என்று காட்ட வேண்டும், பார்க்கவும் அப்படி இருக்க வேண்டும் என்பது 1950-களின் விதி. ஒரே வீட்டில் வெளுப்பாகப் பிறந்த அண்ணனுக்கு ஒரு பதில், மாநிறத் தம்பிக்கு வேறு பதில் என்று ஆகக்கூடிய விதி அது.

அதனால்தான் தேவாலய ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல் அத்தனை முக்கியமானது. குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், தந்தையின் தொழில் என்று அதில் இருக்கும் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு, கொள்ளுத்தாத்தா வரை போய் வம்சாவளியைக் காட்டலாம். மெட்ராஸ் மாகாணத் தேவாலயங்களில் இருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்ட அந்த நகல்கள் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

குடியேறிய பிறகும் பாகுபாடு இருந்தது. ஐரோப்பியர் அல்லாதவர் ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற 15 ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். 1966-ல் அது 5 ஆண்டுகளாகக் குறைந்தது. 1973-ல்தான் இனம் பார்க்கும் வழக்கம் முடிவுக்கு வந்தது.

இன்று என்ன விதி?

இப்போது தாத்தாவை யாரும் கேட்பதில்லை. ஆஸ்திரேலியாவில் 4 ஆண்டுகள் முறையான விசாவில் வசித்திருக்க வேண்டும். அதில் கடைசி 12 மாதங்கள் நிரந்தரக் குடியிருப்பு உரிமையோடு இருக்க வேண்டும். தேர்வில் 20 கேள்விகளுக்கு 15 சரியாக இருக்க வேண்டும். நாட்டின் விழுமியங்கள் பற்றிய 5 கேள்விகளில் ஒன்றுகூடத் தவறக் கூடாது. பிரிட்டனில் 24-க்கு 18. கனடாவில் 5 ஆண்டுகளில் 1,095 நாட்கள் வசித்துவிட்டு, 20-க்கு 15 எடுக்க வேண்டும். அன்று ரத்தத்தில் கேட்ட முக்கால் பங்கை, இன்று மதிப்பெண்ணில் கேட்கிறார்கள்.

ஆனால், இந்தியர்கள் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. அந்த மூன்று நாடுகளும் இரட்டைக் குடியுரிமையை ஏற்கின்றன. இந்தியா ஏற்பதில்லை. விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால், 1955-ம் ஆண்டு குடியுரிமைச் சட்டப்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாக வேண்டும். அதன் பிறகு கிடைப்பது ஓ.சி.ஐ. அட்டை. விசா இல்லாமல் எத்தனை முறையும் வந்து போகலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. தோட்டம் துரவு என்று வாழும் கொங்கு நாட்டுக் குடும்பங்கள், பிள்ளை வெளிநாட்டில் விண்ணப்பம் போடும் முன்பே உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

திரும்பி வருகிற பேரப்பிள்ளைகள்

இந்த ஓ.சி.ஐ. அட்டையைத் தாத்தா, கொள்ளுத்தாத்தா இந்தியராக இருந்ததைக் காட்டி அவர்களின் வாரிசுகளும் வாங்கலாம். இங்கேதான் கதை திரும்புகிறது. அன்று தாத்தா 'நான் ஐரோப்பிய வம்சம்' என்று நிரூபிக்கக் காகிதம் தேடினார். இன்று பெர்த்தில் பிறந்த பேத்தி, 'என் தாத்தா இந்தியர்' என்று நிரூபிக்க அவருடைய பிறப்புச் சான்றையும் பழைய பாஸ்போர்ட்டையும் தேட வேண்டியிருக்கிறது.

எல்லோரும் போய்விடவும் இல்லை. 'இதுதான் எங்க ஊர்' என்று தங்கிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் போத்தனூரில் உண்டு. சிக்னல் மற்றும் தொலைத்தொடர்புப் பணிமனை இன்றும் இயங்குகிறது. மீட்டர் கேஜாக இருந்த பொள்ளாச்சிப் பாதை, அகலப்பாதையாக மாறி 2017-ல் மீண்டும் திறந்தது. அடுத்த முறை போத்தனூரில் ரயிலுக்குக் காத்திருக்க நேர்ந்தால், ரயில்வே காலனிப் பக்கம் கொஞ்சம் நடந்து பாருங்கள்.

வீட்டுப் பரணில் தாத்தா பாட்டியின் பிறப்புச் சான்றோ பழைய பாஸ்போர்ட்டோ கிடந்தால், பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். யாருக்கு எப்போது எந்த நாட்டில் தேவைப்படும் என்று சொல்ல முடியாது!