அட்டைப்படத்தில் ஒரு முகம்

பாளையங்கோட்டை
24 டிசம்பர் 2021, வெள்ளி

தொ. பரமசிவன் போய் இன்றோடு ஒரு வருஷம். பெரியார் நினைவு நாளன்றே அவரும் போனார். அழகர் கோயிலையும் நாட்டார் தெய்வங்களையும் அவ்வளவு ஆழமாக ஆராய்ந்தவர் எப்படிப் பெரியாரியராக இருந்தார் என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். கும்பிடுகிற சனத்தின் மேல் அவருக்குப் பிரியம், அந்தச் சனத்தைக் கோயில் வாசலில் நிறுத்திவைத்த அதிகாரத்தின் மேல் கோபம், இரண்டும் ஒரே மனசிலிருந்து வந்ததுதான் என்றேன். அவனுக்குப் புரிந்தது மாதிரிதான் இருந்தது.

நாளையிலிருந்து விடுமுறை. இந்த ஒரு வருஷத்தில் போனவர்களை வாசிக்கப்போகிறேன். அஞ்சலிக் கட்டுரைகள் வேண்டாம், அவர்கள் எழுதியது மட்டும்.

26 டிசம்பர், ஞாயிறு

ஆ. மாதவன். ஜனவரி 5ஆம் தேதி திருவனந்தபுரத்தில் காலமானார். அங்கே சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தவர். கல்லாவில் உட்கார்ந்தபடி தெருவில் போகிற வருகிற அத்தனை பேரையும் பார்த்து எழுதினார். சுமை தூக்குகிறவர்கள், பிச்சை எடுப்பவர்கள், சில்லறைத் திருடர்கள், யாருக்கும் அவர் தீர்ப்பு எழுதவில்லை. 2015இல் சாகித்திய அகாதெமி விருது ‘இலக்கியச் சுவடுகள்’ என்ற கட்டுரை நூலுக்குக் கிடைத்தது. ‘புனலும் மணலும்’ நாவலுக்கோ ‘கிருஷ்ணப் பருந்து’க்கோ எப்போதோ வந்திருக்க வேண்டும்.

இன்று ‘நாயனம்’ கதையைத் திரும்பப் படித்தேன். பிணத்தை எடுக்கக் காத்துக்கிடக்கிறார்கள், நாயனக்காரர் வந்துசேரவில்லை. பொழுது சாய்ந்துவிடுகிறது. கடைசியில் வந்தவர் ஊதுவதைக் காதுகொடுத்துக் கேட்க முடியவில்லை. ஓர் எழுத்தாளர் இறந்த அன்றைக்கு எழும்புகிற புகழுரைகளில் பாதி அந்த நாயனம்தான். ஒரு வரிகூடப் படிக்காதவர்கள் ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்கிறபோது எனக்கு வயிறு எரிகிறது.

27 டிசம்பர், திங்கள்

டொமினிக் ஜீவா. ஜனவரி 28, கொழும்பு. யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் கடையில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடத்தில் சாதியைச் சொல்லி அவமதித்தார்கள், படிப்பு அதோடு நின்றது. பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம் இலங்கைக்கு வந்திருந்தபோது சந்தித்து, அவர் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 1966இல் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கினார். கையில் இதழ்களைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்து அவரே விற்றார். போருக்குள்ளும் இடம்பெயர்வுக்குள்ளும் நடத்தி நானூறு இதழ்களைத் தாண்டினார். தனி மனிதர் ஒருவர் இதைச் செய்தார் என்பதை இன்னொரு முறை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

நூலகம் வலைத்தளத்தில் பழைய மல்லிகைகள் கிடைக்கின்றன. இரவு வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்தேன். அட்டையில் நடிகை படம் இல்லை, இயற்கைக் காட்சி இல்லை. ஓர் எழுத்தாளர், ஒரு கலைஞர், ஓர் ஆசிரியர் என்று ஒரு முகம். உள்ளே அவரைப் பற்றி ஒரு கட்டுரை. அவர்களில் பெரும்பாலோர் அப்போது உயிரோடு இருந்தவர்கள். அட்டையில் வந்தவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்திருப்பார், வீட்டில் காட்டியிருப்பார். தன்னைப் பள்ளியிலிருந்து விரட்டிய சமூகத்துக்கு ஜீவா செய்த மரியாதை அது. இதைவிடப் பெரிய இலக்கியப் பணி எனக்குத் தெரியவில்லை.

29 டிசம்பர், புதன்

கி.ரா. என்கிற கி. ராஜநாராயணன். மே 17, புதுச்சேரி. கொரோனா ஊரடங்கு நாட்கள். அவர் ஊர் இடைசெவல் இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரம்தான், போக முடியவில்லை. அரசு மரியாதையைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். பல்கலைக்கழகத்தில் மாணவராகக் காலெடுத்து வைக்காத சம்சாரி, புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியர் ஆனார். கரிசல் வழக்குக்கு அகராதியும் போட்டார்.

‘கதவு’ கதையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்டினேன். கதவில் ஏறி ஆடுகிற இடத்தில் சிரித்தார்கள். தீப்பெட்டிப் படம் ஒட்டுகிற இடத்தில், ‘தீப்பெட்டியில படமா’ என்று கேட்டார்கள். தீர்வை பாக்கிக்காகக் கதவைப் பெயர்த்துக்கொண்டு போகும்போது யாரும் பேசவில்லை. குளிர் உள்ளே வருகிறது, கைக்குழந்தை போய்விடுகிறது. கி.ரா. அங்கே குரலை உயர்த்துவதே இல்லை. சின்னவள் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, கடைசிப் பக்கத்தைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

30 டிசம்பர், வியாழன்

பிரான்சிஸ் கிருபா. செப்டம்பர் 16. கி.ரா.வின் பிறந்த நாளும் அதுவே. நாங்குநேரிப் பக்கத்துப் பையன், மும்பையில் உடம்பு உழைப்பில் பிழைத்தவர். ஐம்பதைத் தொடவில்லை. அவருடைய ‘கன்னி’ நாவலில் பாதிக்கு மேல் இன்று தாங்கவில்லை, மூடி வைத்தேன்.

இந்த மாதத் தொடக்கத்தில் ஈழத்து நாவலாசிரியர் செ. கணேசலிங்கனும் போய்விட்டார். அவர் புத்தகம் இங்கே எந்தக் கடையிலும் இல்லை.

31 டிசம்பர், வெள்ளி

தொற்றைக் காரணம் காட்டிச் சென்னைப் புத்தகக் காட்சியைத் தள்ளிவைத்துவிட்டார்கள். வாங்க வேண்டியவற்றைத் தபாலில் வரவழைக்க வேண்டியதுதான்.

மல்லிகை அட்டைகள் நான்கு நாளாக மனசைவிட்டுப் போகவில்லை. எழுத்தாளர் வண்ணதாசன் இதே திருநெல்வேலிக்காரர். கல்லூரி நாளிலிருந்து அவரை வாசிக்கிறேன், அவருக்கு ஒரு வார்த்தை எழுதியதில்லை. இன்று மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். எந்தக் கதை, எந்த இடம், அதை வகுப்பில் வாசித்தபோது பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்பது மட்டும். இரண்டு பக்கம் வந்தது. அடுத்து பூமணிக்கு எழுத வேண்டும், கோவில்பட்டி முகவரியை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.