பூட்டி அனுப்புகிறேன்

வெள்ளவத்தை,
14.06.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

கொட்டாஞ்சேனை வீட்டு அலுவல் ஒருபடியாக நகரத் தொடங்கிவிட்டது. புதுக்கடையில் நொத்தாரிசைக் கண்டு கதைத்தேன். உன்னுடைய அற்றோணித் தத்துவம் கைக்கு வந்தால் மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். அம்மாவின் உறுதி, உன் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாவற்றையும் ஸ்கான் பண்ணி ஈமெயிலில் போட்டுவிடச் சொன்னாய். போடுகிறேன். ஆனால் பூட்டித்தான் போடுவேன். "அண்ணாவுக்கு எல்லாத்துக்கும் பயம்" என்று சிரிக்காமல் மிச்சத்தையும் வாசி.

வியாழக்கிழமை நொத்தாரிசின் கந்தோரிலிருந்து ஒரு ஈமெயில் வந்தது. அதன் மூல வடிவத்தைத் திறந்து பார்த்தேன். ஜீமெயிலில் மூன்று புள்ளியை அழுத்தினால் நீயும் பார்க்கலாம். கைமாறிய ஒவ்வொரு சேர்வரும் தன் பெயரையும் நேரத்தையும் தபால் முத்திரைபோலக் குத்திவிட்டுப் போயிருக்கிறது. கீழிருந்து மேலே வாசிக்கவேண்டும். அனுப்பிய கொம்பியூட்டர் போட்ட நேரம் காலை 10.14. கூகிள் போட்டது முதல்நாள் இரவு 9.44! கூகிள் கலிபோர்னியா நேரத்தைப் போடுகிறது, அவ்வளவுதான். ஆனால் அதன் தரவு நிலையங்கள் சிங்கப்பூர், அமெரிக்கா என்றுதான் இருக்கின்றன, இலங்கையில் இல்லை. பஸ் ஏறினால் வந்துவிடக்கூடிய தூரத்துக்கு அந்தக் கடிதம் கடல் கடந்து போய்த் திரும்பியிருக்கிறது. அந்தக் கடல்வழி அறுந்தும் போகும்: 2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் கேபிளை அறுத்து, நாட்டில் இன்டர்நெட் படுத்துப்போனது உனக்கு ஞாபகம் இருக்கும்.

வழி நீளம் என்பதல்ல என் கவலை. இப்போது சேர்வருக்குச் சேர்வர் போகும்போது பெரும்பாலும் மறையாக்கம் செய்துதான் அனுப்புகிறார்கள். எதிர்ப்பக்கச் சேர்வருக்கு அந்த வசதி இல்லாவிட்டால் வழக்கமாக அப்படியே திறந்தபடி போய்விடும். போய்ச் சேர்ந்த இடத்திலோ சேர்வர் அதைத் திறந்துதான் வைத்திருக்கும். அந்தச் சேர்வரை நடத்துகிறவர், பாஸ்வேர்டைக் களவெடுத்தவர், கந்தோர்க் கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருப்பவர், எவரும் பார்க்கலாம். ஈமெயிலைக் கொண்டுசெல்லும் எஸ்.எம்.ரி.பி. விதிகளை 1982இல் ஜொன் பொஸ்ரல் எழுதியபோது, ஒருவரையொருவர் நம்பிய ஆராய்ச்சிக்காரரின் உலகம் அது. 1990 அளவில் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அபய இந்துருவ முன்னின்று தொடங்கிய ஈமெயிலும் அப்படித்தான்: கடிதங்களைச் சேர்த்துவைத்து ரெலிபோன் லைனில் மொத்தமாக அனுப்புவார்கள். பூட்டெல்லாம் பிறகு ஒட்டுப்போட்டதுதான்.

ஒட்டுக்கேட்பது இங்கே குற்றம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அதைச் சொல்கிறது. 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் களவு போன அடையாள அட்டைப் பிரதியைச் சட்டம் திருப்பித் தராது.

எனக்கு விளங்காதது வேறொன்று. சண்டைக் காலத்தில் ரெலிபோனில் ஒரு பெயரைச் சொல்லக்கூட நாங்கள் யோசித்தோம். யாழ்ப்பாணத்துக்குக் கைக்கடிதம் கொடுத்துவிடுவதென்றால், கொண்டுபோகிறவர் யாரென்று நாலு பேரிடம் விசாரித்தோம். அதே சனம்தான் இன்று காலி வீதிக் கடையில் முன்பின் தெரியாத பெடியனிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்து, "தம்பி, இதை ஒருக்கா கனடாவுக்கு அனுப்பிவிடு" என்கிறது. அந்தக் கொம்பியூட்டரில் பிரதி கிடக்குமே என்று கேட்பாரில்லை. கொண்டுபோகிறவர் யார் என்று கேட்கும் பழக்கத்தை மட்டுமாவது நாங்கள் விட்டிருக்கக்கூடாது.

ஆகவே எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக்கி, செவன்சிப் என்ற மென்பொருளில் பாஸ்வேர்ட் போட்டு அனுப்புகிறேன். ஈமெயிலின் தலைப்பில் வீட்டு இலக்கம், உறுதி இலக்கம் ஒன்றும் எழுதமாட்டேன். உள்ளே பூட்டினாலும் தலைப்பு பூட்டுப்படாது. பாஸ்வேர்டை ஞாயிற்றுக்கிழமை நீ ரெலிபோன் எடுக்கும்போது வாயால் சொல்வேன். கடதாசியில் எழுதிக்கொள், இன்னொரு ஈமெயிலில் கேட்டுவிடாதே. உன் பாஸ்போர்ட் பிரதியையும் இப்படியே அனுப்பு. சின்னவனைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் செய்து தருவான்.

மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லு. அற்றோணித் தத்துவத்தின் மூலப் பிரதியைப் பதிவுத் தபாலில் போட மறவாதே. நொத்தாரிசு கையெழுத்தைக் கண்ணால் பார்க்கவேண்டுமாம்.

அன்புடன்,
அண்ணா