ராஸ்வெல் டவர்: ஒரு மனுவின் நாட்குறிப்பு

2010 பிப்ரவரி

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள ராஸ்வெல் நகருக்கு டி-மொபைல் சவுத் நிறுவனத்தின் மனு வந்திருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் காலியாகக் கிடக்கும் 2.8 ஏக்கர் நிலத்தில் 108 அடி உயர செல்போன் டவர் எழுப்ப அனுமதி வேண்டும். வீடுகள் உள்ள இடத்தில் டவர் டவராகத் தெரியக்கூடாது என்பது நகர விதி. செயற்கை மரம், மணிக்கூண்டு, தேவாலயக் கோபுரம், விளக்குக் கம்பம் போன்ற ஏதாவது ஓர் உருவத்தில் அது மறைய வேண்டும். நிறுவனம் பைன் மரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அந்த மரம் சுற்றுப்புறத்தோடு ஒட்டுகிறதா என்று முடிவு செய்ய வேண்டியது நகரமன்றம்.

விசாரணைக்கு முன்

நகரின் திட்டமிடல் பிரிவு விதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, மனு எல்லாவற்றையும் நிறைவு செய்கிறது, மூன்று நிபந்தனைகளோடு அனுமதி தரலாம் என்று பரிந்துரைத்துவிட்டது.

மன்றத்தின் கையைக் கட்டும் சட்டம் ஒன்று உண்டு: 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம். டவரின் கதிர்வீச்சு மத்தியத் தகவல்தொடர்பு ஆணையத்தின் (FCC) வரம்புக்குள் இருந்தால், அதன் பாதிப்பைக் காரணம் காட்டி எந்த ஊரும் டவரை மறுக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் மனத்தில் முதலில் எழும் பயம் முடிவில் இடம்பெறவே வழியில்லை. உயரம், தோற்றம், வீடுகளுக்கும் டவருக்கும் உள்ள தூரம் போன்றவற்றைப் பேசலாம். மறுத்தால் எழுத்தில் மறுக்க வேண்டும். அதற்கு ஆதாரமும் பதிவில் இருக்க வேண்டும். புதிய டவர் மனுவை 150 நாளில் முடிக்க வேண்டும் என்று ஆணையம் 2009இல் கெடுவும் வைத்திருக்கிறது.

ஏப்ரல் 12

இரண்டு மணி நேர விசாரணை. குடியிருப்பவர்கள் கவலைகளைச் சொன்னார்கள். நிறுவனத்தார் பதில் சொன்னார்கள். அவசரகாலத்துக்கு மாற்று ஜெனரேட்டர் இல்லையே என்றார் ஓர் உறுப்பினர். மற்ற நிறுவனங்களின் சிக்னல் இங்கே போதுமான அளவு கிடைக்கிறது என்றார் இன்னொருவர். டவர் மிக உயரம், இயற்கைச் சூழலோடு ஒட்டாது, அருகிலுள்ள வீடுகளின் விலை குறையும் என்று சொல்லி மற்றொருவர் மறுப்புத் தீர்மானம் கொண்டுவந்தார். ஏகமனதாக நிறைவேறியது.

ஏப்ரல் 14

நிறுவனத்துக்குக் கடிதம் போயிற்று. மனு மறுக்கப்பட்டது, கூட்டக் குறிப்பை நகர எழுத்தரிடம் பெற்றுக்கொள்ளலாம் என்பதோடு சரி. ஏன் மறுத்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. மன்றத்தில் வாய்விட்டுப் பேசிய காரணங்களைத் தாளில் இறக்கியிருக்க வேண்டும். மனுதாரருக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது.

மே 10

கூட்டக் குறிப்புக்கு இன்றுதான் ஒப்புதல் கிடைத்து வெளியாகியிருக்கிறது. கடிதம் போய் 26 நாள் ஆகிவிட்டது. நீதிமன்றம் போவதற்குச் சட்டம் தரும் அவகாசமே 30 நாள்தான். காரணம் கைக்கு வந்தபோது மிச்சம் 4 நாள்.

மே 13

டி-மொபைல் வழக்குத் தொடுத்தது.

2015 ஜனவரி 14

மாவட்ட நீதிமன்றத்தில் நிறுவனம் வென்றது, மேல்முறையீட்டில் நகரம் வென்றது. இன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று நிறுவனத்தின் பக்கம் நின்றிருக்கிறது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சோனியா சோட்டோமேயர். மறுப்பவர் காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்கிறார் அவர். அது மறுப்புக் கடிதத்திலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. கூட்டக் குறிப்பிலும் இருக்கலாம். ஆனால் மறுப்பும் காரணமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வர வேண்டும். 26 நாள் தாமதம் ஏற்கத்தக்கதல்ல. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் உள்ளிட்ட மூவர் மாறுபட்டார்கள்.

நகரம் தப்பிக்க எளிய வழி இருந்ததையும் தீர்ப்பு காட்டுகிறது. குறிப்பு தயாராகும்வரை கடிதத்தை அனுப்பாமல் வைத்திருக்கலாம். பிப்ரவரியில் வந்த மனுவுக்கு 150 நாள் கெடு ஜூலை வரை நீள்கிறது. மே 10 அதற்குள் அடங்கும். இப்போதோ வழக்கு முழுவதும் ஒரு கடிதத்தின் நேரத்தைச் சுற்றியே போய்விட்டது. 108 அடி மரம் அந்தத் தெருவுக்குப் பொருந்துமா, அங்கே குடியிருப்பவர்களின் ஆட்சேபம் எவ்வளவு வலுவானது என்ற கேள்விகளை உச்ச நீதிமன்றம் எடுத்துப் பார்க்கவே இல்லை.