மாறும் கோடுகள்

சீனரின் பழைய குறிநூலாகிய ‘யி ஜிங்’கை நான் கையிலெடுத்தது ஆராய்ச்சி நோக்கோடன்று. சிறப்புக்கலைக்கு மெய்யியலைத் தெரிவதா, வீட்டார் விரும்பிய பொருளியலைத் தெரிவதா என்ற குழப்பத்திலிருந்தேன். மெய்யியலை மனத்திற்கொண்டு, விடுதி அறையில் மூன்று நாணயக்குற்றிகளை ஆறு முறை எறிந்தேன். வந்தது ‘சுன்’, தொடக்கத்தின் இடர் என்று பொருள். அதில் இரு கோடுகள் மாறுவன. இரண்டும் தயங்கி நிற்கும் குதிரையைப் பற்றியவை. எனினும் நான்காங் கோடு ‘செல்லலாம்’ என்றது, ஆறாங் கோடோ கண்ணீரைச் சொன்னது. நான்காவதை ஏற்றுக்கொண்டு நிம்மதியாக உறங்கினேன்.

மாறுங் கோடு என்பது யாதெனச் சற்று விளக்குதல் வேண்டும். ஆறு கோடுகளாலான உருக்கள் 64. முறியாத கோடு யாங். நடுவே முறிந்தது யின். பழைய முறையில் 50 தண்டுகளுள் ஒன்றை ஒதுக்கி, எஞ்சிய 49ஐப் பிரித்தெண்ணுவர். ஒவ்வொரு கோட்டுக்கும் 6, 7, 8, 9 என்பவற்றுள் ஓரெண் கிடைக்கும். நாணய முறையிலும் இவ்வெண்களே வரும். 7உம் 8உம் நிலைப்பவை. 9 முதிர்ந்த யாங், 6 முதிர்ந்த யின். முதிர்ச்சியின் எல்லையை எய்தியமையால் இவை தம் எதிராக மாறும். அவ்வாறு இரண்டாம் உருவொன்று பிறக்கும்.

இவற்றுள் எதைப் படிப்பது? 1186இல் சூ சி என்னும் அறிஞர் விதி வகுத்தார். இரண்டு மாறின் இரண்டையும் படிக்க வேண்டும்; ஆயின் மேற்கோடே முதன்மையானது. இதனைப் பிற்பாடு வாசித்தபோதுதான் என் உறக்கம் கலைந்தது.

அதனினும் என்னை உலுக்கியது ‘சோ சுவான்’ என்னும் வரலாற்று நூல் கூறும் மூ சியாங்கின் கதை. லூ நாட்டு அரசனின் தாயான அவள், சூழ்ச்சியொன்றிற் பங்குகொண்டு கிழக்கு மாளிகையில் ஒதுக்கப்பட்டாள். அங்கு சென்றபோது பார்த்த குறியில் ஐந்து கோடுகள் மாறி, அசையாமையைக் குறிக்கும் ‘கென்’, பின்தொடர்தலைக் குறிக்கும் ‘சுயி’ ஆயிற்று. விரைவில் வெளியேறுவீர்கள் என்றான் குறிகாரன். அவள் இசையவில்லை. நூல் சொல்லும் நன்மை நற்பண்புடையோர்க்குரியது. நாட்டைக் குழப்பிய தனக்கு அது பொருந்தாது. இங்கேயே இறப்பேன் என்றாள். அவ்வாறே கி.மு. 564இல் இறந்தாள். (அவள் வாய்மொழியில் நூலாசிரியரின் கைவண்ணமும் இருக்கலாம்.)

மாறாது நின்ற ஒரே கோட்டை, சிறியதைப் பற்றிப் பெரியதை இழப்பதைச் சொல்லும் கோட்டை, குறிகாரன் படித்திருக்க வேண்டும் என்று சூ சி குறைகூறுகிறார். அவர் விதி தோன்ற ஏறத்தாழ 1,750 ஆண்டுகள் முன்னரே, விதியின்றியே அவள் தன் குறியைச் சரியாகப் படித்துவிட்டாள். நானோ என்னை விட்டுவிட்டுக் கோடுகளை மட்டுமே படித்திருந்தேன்.

விண்ணப்பப் படிவத்தில் மெய்யியல் என்றே எழுதினேன். காரணம் கேட்ட தந்தையாருக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. படிக்க ஆசையாயிருக்கிறது, வேலை கிடைப்பது கடினந்தான் என்று எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.