துருக்கிக்குப் போகாத கல்விப் பயணம்

ஏட்டுக் கல்வி அறிவின் வாயிலைத் திறந்து வைக்கும்; அவ்வாயிலைக் கடந்து உள்ளே நடப்பதற்குப் பயணமே துணை செய்யும். பூமியில் சுற்றி வந்து, முன் சென்றோரின் நிலையைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை பல இடங்களில் அழைப்பு விடுக்கின்றது. உலகம் சுற்றிய இப்னு பதூதா 1330களில் துருக்கியர் வாழ்ந்த அனதோலியா நிலப்பகுதியைக் கண்டார். அடுத்த பத்தாண்டில் நம் தமிழகக் கரையில் இறங்கி மதுரைச் சுல்தானைச் சந்தித்தார். துருக்கியையும் தமிழகத்தையும் ஒரே நூலில் இணைத்து வைத்த பெருமகனார் அவர் எனலாம். அவ்விரு நிலங்களையும் ஒருசேர எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் நமக்கும் நம் மாணவர்களுக்கும் கிட்டிற்று. அதனை இம்மலரின் வழியே பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

வளைகுடா நாடொன்றில் வாழும் நம் உறவினரின் மகள், பள்ளிகளுக்கிடையேயான பரிமாற்றக் குழுவில் இடம்பெற்று இஸ்தான்புல் நகருக்குச் சென்று வந்தாள். தான் எழுதிய நாட்குறிப்பின் படியையும் ஒளிப்படங்கள் சிலவற்றையும் நமக்கு அனுப்பியிருந்தாள். இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு வகுப்பில் பயண இலக்கியம் நடத்திய நாளில் அவற்றை மாணவர்முன் விரித்து வைத்தோம். அன்று மணி அடித்த பின்னரும் ஒருவரும் எழவில்லை.

அவள் கண்டவை எவை? உதுமானியச் சுல்தான்கள் வாழ்ந்த தோப்கப்பி அரண்மனை 1924ஆம் ஆண்டு அருங்காட்சியகமாக்கப்பட்டது. அண்ணல் நபியவர்களின் போர்வை உள்ளிட்ட புனிதப் பொருள்கள் அங்கே போற்றிக் காக்கப்படுகின்றன. 537இல் பேராலயமாக எழுந்து, 1453இல் பள்ளிவாசலாகி, 1935இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டு, 2020இல் மீண்டும் பள்ளிவாசலான ஹாகியா சோபியாவை அவள் அண்ணாந்து பார்த்திருக்கிறாள். நிலத்தடியில் 336 தூண்கள் தாங்கும் பழைய நீர்த்தேக்கத்தில், ஏதோவொரு பழங்கட்டடத்திலிருந்து பெயர்த்து வந்த மெதுசாவின் கல்தலைகள் இரண்டினுள் ஒன்று தலைகீழாகவும் மற்றொன்று பக்கவாட்டிலும் தூணடியில் கிடப்பதைக் கண்டு, “பாவம், யாரும் நிமிர்த்தி வைக்கவில்லை” என்று எழுதியிருந்தாள்.

துருக்கி நமக்கு முற்றிலும் அயல்நாடன்று. ‘துருக்கர்’ என்னும் சொல் தமிழில் ‘துலுக்கர்’ எனத் திரிந்து நம்மவரைக் குறிக்கலாயிற்று. ஒரு மலருக்குத் ‘துலுக்கச் சாமந்தி’ எனப் பெயரும் தந்தது. நம் பாட்டனார் தலைமுறை பெருநாளன்று அணிந்த சிவந்த தொப்பி ‘துருக்கித் தொப்பி’யே. துருக்கியில் 1925ஆம் ஆண்டுச் சட்டம் அத்தொப்பியை விலக்கிய பின்னரும் நம்மூர்ப் பெரியவர்கள் அதனை விடாது அணிந்தனர் என்று கூறியபோது வகுப்பே நகைத்தது.

“ஐயா, நாமும் துருக்கிக்குப் போகலாமா?” என்று ஒரு மாணவர் கேட்டார். கேட்டவர் லப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்தவர். அவர்தம் அத்தா அயல்நாட்டில் உழைத்து அனுப்பும் பணத்தில்தான் கல்லூரிக் கட்டணம் செலுத்துகிறார். அவ்வினாவில் விளையாட்டும் இருந்தது, ஏக்கமும் இருந்தது. நாம் ஒரு மறுவினா தொடுத்தோம்: “சாத்தனூர்க் கல்மரத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?” மூன்று கைகளே உயர்ந்தன. இவ்வாறு உருவானதே நம் இரண்டு நாள் கல்விப் பயணம்.

கோட்டையும் கல்மரமும்

முதல் நாள் காலை ரஞ்சன்குடிக் கோட்டையில் தொடங்கினோம். கர்நாடக நவாபின்கீழ் இருந்த ஜாகிர்தார் ஒருவர் பதினேழாம் நூற்றாண்டில் எழுப்பியதாகக் கூறப்படும் இக்கோட்டை, திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் செல்வோர் கண்ணில் படுவது. எனினும் வண்டியை நிறுத்தி இறங்குவோர் சிலரே. அகழியும் அரைவட்டக் கொத்தளங்களும் அடுக்கடுக்கான மதில்களும் இன்றும் கம்பீரமாக நிற்கின்றன. 1751இல் இவ்வட்டாரத்தில் வாலிகண்டபுரப் போர் நிகழ்ந்தது. ஒருபுறம் ஆங்கிலேயர் துணையுடன் முகமது அலி, மறுபுறம் பிரெஞ்சுக்காரர் துணையுடன் சந்தா சாகிபு. இருவரும் ஒரே சமயத்தவர். இருவரும் ஒரே அரியணையை நாடியவர். அரசுரிமைப் போர்களைச் சமயப் போர்களாகக் கதை கட்டிவிடுவோர் இம்மதில்மீது ஒருமுறை ஏறி நின்று சிந்தித்தல் நலம்.

பிற்பகல் சாத்தனூர் சென்றோம். ஓடையோரம் படுத்துக் கிடக்கும் கல்மரத்தைக் கண்டதும் மாணவியர் சிலர் குனிந்து தொட்டுப் பார்த்தனர். ஏறத்தாழ 18 மீட்டர் நீளம். மரத்தின் பட்டை வரிகள்கூடத் தெரிகின்றன. தொட்டால் தண்ணென்ற கல். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சார்ந்த அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940இல் இதனைக் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தார். பூக்கும் மரங்கள் பெருகுவதற்கு முற்பட்ட ஊசியிலை இனத்து மரம் இது; இதன் வயது பன்னிரண்டு கோடி ஆண்டுகள் எனக் குறிக்கப்பட்டுள்ளது. ஆற்று வெள்ளம் அடித்துவந்த மரம் கடலடிச் சேற்றில் புதைந்தது. மரத்தின் ஒவ்வோர் அணுவிடத்திலும் மணற்சத்து மெல்ல மெல்லக் குடிபுகுந்தது. உரு மாறாமல் பொருள் மட்டும் மாறிக் கல்லாயிற்று. மொழியில் வேர்ச்சொல் உரு மாறினாலும் பொருள் நிலைத்து நிற்பதைப் பாடம் நடத்தும் நமக்கு, பொருள் மாறியும் உரு நிலைத்த இம்மரம் வியப்பூட்டியது.

பின்னர்க் காரை என்னும் ஊரையடுத்த செம்மண்–வெளிர்மண் மேடுகளில் நடந்தோம். புல் பூண்டு அரிதாக, மழைநீர் அரித்த பள்ளங்கள் மட்டும் வரிவரியாக நீளும் நிலம். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் பொங்கி உள்நாடு புகுந்து நெடுங்காலம் தங்கியிருந்ததற்கு இம்மண்ணே சான்று.

கடல் விட்டுச் சென்ற ஊர்

அரியலூர் வட்டாரத்தைக் கல்லியல் வல்லார் சிலர் ‘நிலவியலாளரின் மக்கா’ என்றே வழங்குவதுண்டு. 1840களில் கேய், கன்லிஃப் ஆகிய ஆங்கிலேயர் இப்பகுதியில் திரட்டிய தொல்லுயிர் எச்சங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் இலண்டனில் வெளியிட்டார். அதன்பின் பிளான்ஃபோர்டு இந்நிலத்தின் பாறை அடுக்குகளை வகுத்து, அவற்றுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என நம்மூர்ப் பெயர்களையே சூட்டினார். ஸ்டோலிச்கா என்னும் அறிஞர் இங்குக் கிடைத்த உயிர்ப்படிவங்களைத் தொகுதி தொகுதியாக விவரித்தார். உலக அறிவியல் நூல்களில் ‘அரியலூர்’ என்னும் தமிழ்ப் பெயர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக வழங்கி வருகின்றது. தமிழ் மாணவர் இதை அறியாதிருத்தல் தகுமா?

வாரணவாசியில் அரசு அமைத்துள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் இரண்டாம் நாள் காலை கழிந்தது. ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்ட அம்மோனைட்டு ஓடுகளும் சிப்பிகளும் கண்ணாடிப் பேழைகளில் இருந்தன. அங்கேதான் அரியலூரை அடுத்த சிற்றூரிலிருந்து வரும் மாணவி ஒருவர் மெல்லக் கூறினார்: “ஐயா, எங்கள் வீட்டு வாசற்படிக் கல்லில் இதே சுருள் இருக்கிறது. என் தாத்தா செதுக்கிய கோலம் என்று இதுநாள் வரை நினைத்திருந்தேன்.”

அவர் மேலும் சொன்னதே நம் நெஞ்சைத் தைத்தது. அவர்தம் தந்தையார் சுண்ணாம்புக்கல் சுமக்கும் சரக்குந்து ஓட்டுநர். “கல்லை வெட்டினால் இவையெல்லாம் அழிந்து போகும் என்கிறார்கள். வெட்டாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. நான் எதை விரும்ப வேண்டும், ஐயா?”

எளிதில் விடையிறுக்கத்தக்க வினாவன்று. கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியே சுண்ணாம்புக்கல் ஆயிற்று; சுண்ணாம்புக்கல்லே சிமெண்டு ஆயிற்று; சிமெண்டே இம்மாவட்டத்தின் பிழைப்பும் நம் வீட்டுச் சுவரும் ஆயிற்று. சுரங்கத்தை மூடுக என்று சுவருக்குள் அமர்ந்துகொண்டு முழங்குவது நேர்மையாகாது. நாம் அம்மாணவிக்கு இஸ்தான்புல் நகரின் செய்தியொன்றையே விடையாகச் சொன்னோம். அங்கே கடலடி இருப்புப்பாதைப் பணிக்காக யெனிகாப்பி என்னுமிடத்தில் 2004 முதல் நிலத்தை அகழ்ந்தபோது, பழைய துறைமுகமும் 37 மரக்கலங்களின் சிதைவுகளும் வெளிப்பட்டன. பாதைப் பணி கைவிடப்படவில்லை, மரக்கலங்களும் நசுக்கப்படவில்லை. ஆய்வாளர் தம் பணியை முடிக்க ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, 2013இல் அப்பாதை திறக்கப்பட்டது. இன்று மக்கள் இருப்பூர்தியில் செல்கிறார்கள். மரக்கலங்கள் ஆய்வாளர் கையில் இருக்கின்றன. வெடி வைப்பதற்கு முன் ஓர் ஆய்வாளர் அந்நிலத்தில் நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். அரியன அருங்காட்சியகம் சேரட்டும். அதன்பின் சரக்குந்து ஓடட்டும். “உன் தந்தையாரே ஒரு நல்ல சுருளைக் கண்டால் எடுத்து வைத்து அருங்காட்சியகத்தாருக்குச் சொல்லலாமே, அம்மா” என்றோம். அவர் முகம் சற்றே தெளிந்தது. முழுதும் தெளிந்தது என்று நாம் சொல்லமாட்டோம்.

சோழன் தலைநகரில்

பிற்பகல் கங்கைகொண்ட சோழபுரம். 1014 முதல் 1044 வரை ஆண்ட முதலாம் இராசேந்திரன் தன் வடபுல வெற்றியின் நினைவாக எழுப்பிய தலைநகர் இது. ஏறத்தாழ 55 மீட்டர் உயர்ந்து நிற்கும் விமானம், தஞ்சை விமானத்தைவிடச் சற்றே தாழ்ந்து, நெளிவு சுளிவோடு மேலெழுகின்றது. 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இது சேர்க்கப்பட்டது. சண்டேசருக்கு இறைவன் தலையில் மலர்மாலை சூட்டும் சிற்பத்தின்முன் மாணவர் நெடுநேரம் நின்றனர். மாலை பெறுபவன் உருவில் இராசேந்திரன் தன்னையே கண்டான் என்று கருதும் அறிஞரும் உளர். அண்மையிலுள்ள மாளிகைமேட்டு அகழாய்வில் அரண்மனையின் செங்கற் சுவர்களும் சீன நாட்டுப் பீங்கான் ஓடுகளும் கிடைத்துள்ளன. கடல் கடந்து வணிகம் செய்தோர் வழித்தோன்றல்களாகிய நம் மாணவர்க்கு அப்பீங்கான் ஓடுகள் தனியோர் உறவுணர்வைத் தந்தன.

இக்கோயிலின் சுற்று மதில் குறைந்து காணப்படுவது ஏன் என்று ஒருவர் வினவினார். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் அணை கட்டியபோது மதிற்கற்கள் பெயர்த்துச் செல்லப்பட்டன. “அந்த அக்கா பார்த்த தலைகீழ்க் கல்தலை மாதிரியா, ஐயா?” என்று உடனே ஒரு குரல் எழுந்தது. ஆம், அங்கே பழங்கல் நீர்த்தேக்கத்துக்குத் தூணடியாயிற்று, இங்கே பழங்கல் ஆற்றுக்கு அணையாயிற்று. அவ்வணையின் நீரில் விளைந்த நெல்லை நாம் உண்டிருக்கிறோம். ஆயினும் மதில் போன இடம் வெறுமையாகவே இருக்கின்றது.

குறிப்பேடு எழுத அமர்ந்தபோது லப்பைக்குடிக்காட்டு மாணவர் நம்மை அணுகினார். “ஐயா, ‘நம் முன்னோர் கட்டிய கோயில்’ என்று நான் எழுதலாமா? அல்லது ‘சோழர் கட்டிய கோயில்’ என்று மட்டும் எழுத வேண்டுமா?” நாம் வாய் திறக்குமுன் அருகிருந்த, வாசற்படிச் சுருளைப் பற்றிச் சொன்ன மாணவி, “நேற்று ரஞ்சன்குடியை நான் ‘நம் கோட்டை’ என்றுதானே எழுதினேன்” என்றார். அதற்குமேல் நாம் சொல்ல வேண்டியது இலக்கணம் மட்டுமே. முன்னிற்பாரை விலக்கிப் பேசினால் ‘நாங்கள்’. அவரையும் உளப்படுத்திப் பேசினால் ‘நாம்’. உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று இதனை வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறோம். பக்கத்து நாட்டு மொழிகள் பலவற்றில் இல்லாத இவ்வேறுபாட்டைத் தமிழ் நமக்கு வழங்கியிருக்கின்றது. வழங்கியதைப் பயன்படுத்த வேண்டாமா?

பெரியவர் ஒருவரின் வினா

பயணம் முடிந்த சில நாளில், கல்லூரியின்பால் பேரன்பு கொண்ட ஹாஜியார் ஒருவர் நம்மிடம் கேட்டார்: “பேராசிரியரே, பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துப் போனீர்களாமே?” கடிந்துரைக்கும் குரலன்று, கவலையுற்ற குரல். நாம் இப்னு பதூதாவையே துணைக்கழைத்தோம். அவர் கான்ஸ்டாண்டிநோபிளில் ஹாகியா சோபியாப் பேராலயத்தின் உள்ளே செல்லவில்லை. வெளியே நின்று கண்டார். ஆயினும் கண்டதை மதிப்போடு எழுதி வைத்தார். அவரவர் கொள்கை அவரவரிடம் இருக்க, பிறர் போற்றுவதைக் கண்ணியத்தோடு கண்டறிவதில் குறைவேதுமில்லை. நம் மாணவர்கள் கண்ட சிற்பங்களும் கோயிலின் புறச்சுவரிலேயே உள்ளன. பெரியவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்தார். பின்னர், “கல்மரத்தை நானும் பார்த்ததில்லை. அடுத்தமுறை வண்டியில் ஓர் இடம் இருக்குமா?” என்றார்.

அன்பு மாணவமணிகளே! இஸ்தான்புல் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமாயின் மகிழ்வோடு சென்று வாருங்கள். அங்கே கண்டதைத் தமிழில் எழுதுங்கள். அதற்குமுன் உங்கள் ஊரின் மேட்டையும் ஓடையையும் பாழடைந்த மதிலையும் ஒருமுறை நடந்து பாருங்கள். கல்லை எடுத்து வராதீர்கள். படமும் குறிப்பும் எடுத்து வாருங்கள். எம் தமிழ்த்துறையில் அவற்றுக்கென ஓர் அலமாரி ஒதுக்கியுள்ளோம். முதல் தட்டில் வாசற்படிச் சுருளின் ஒளிப்படம் இருக்கின்றது. மற்றத் தட்டுகளை நிரப்புவது நம் கடமை. நிரப்புவோமாக!