ஸ்பேனரின் முகம்

17ஆம் நூற்றாண்டு லூத்தரன் இறையியல் நூல்கள் பலவற்றில், தலைப்புப் பக்கத்துக்கு எதிரே ஓர் அறிஞரின் முகம் இருக்கும். நீள்வட்டச் சட்டம், கருப்பு அங்கி, கழுத்தில் வெள்ளைப் பட்டை, லத்தீனில் பெயரும் பதவிகளும். எல்லாம் ஒரே மாதிரி என்று புரட்டிவிடுகிறவர்களை, லூத்தரன் போதகர் பிலிப் யாக்கோப் ஸ்பேனரின் படத்திலாவது சற்று நிறுத்திவிட ஆசைப்படுகிறேன். ஆக்ஸ்பர்க் நகரத்து பார்த்தலோமேயுஸ் கிலியான் 1683இல் செதுக்கியது அது.

செப்புத்தகட்டு அச்சில் வெள்ளை மை கிடையாது. உளி கீறிய பள்ளங்களில் கருமையை நிரப்பி, மேலே துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளைக்கடியில் செலுத்துவார்கள். கீறாத இடம் வெறும் தாளாகவே நிற்கும். நெற்றியில் நாம் காணும் ஒளி, செதுக்கியவர் கைவைக்காமல் விட்ட இடம். அங்கிக்குக் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிவிடலாம். கன்னத்திலோ கோடு மெலிந்து மெலிந்து புள்ளியாகிக் கரைய வேண்டும். கீறல் தப்பினால் அந்த இடத்தைச் சுரண்டி, தகட்டைப் பின்புறமிருந்து தட்டிச் சமன்செய்ய வேண்டும். அத்தனையும் இடவலம் மாற்றி. இந்தப் பொறுமையை ஓவியத்துக்கு ஒரு படி கீழே வைப்பவர்களோடு நான் உடன்படமாட்டேன்.

ஓவியம் ஒரு வீட்டுச் சுவரோடு நின்றுவிடும்; அச்சுப்படம் வாசகர் கைக்கே போகும். ஸ்பேனருக்கு அதுதான் பொருத்தம். 1635இல் அல்சாஸில் பிறந்து, 1666இல் ஃபிராங்க்ஃபர்ட்டின் தலைமைப் போதகரானவர், 1670 முதல் தம் வீட்டிலேயே மக்களைக் கூட்டி வாசித்தார், ஜெபித்தார். குருமார் மட்டுமல்லாமல் எல்லாரும் வேதத்தைக் கையில் எடுக்க வேண்டும் என்று 1675இல் ‘பியா டெசிடேரியா’ என்ற நூலில் எழுதினார். விட்டன்பர்க் இறையியலாளர்கள் 1695இல் அவர்மேல் பிழைகளின் நீண்ட பட்டியலையே சுமத்தினார்கள்.

திருச்சபையின் நிலைக்காக வாழ்நாளெல்லாம் கருப்பு உடுத்தித் துக்கம் காத்தது போதும், வெள்ளை உடையில் வெள்ளைப் பெட்டியில் அடக்கம் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சபைக்கு நல்ல காலம் வரும் என்ற நம்பிக்கை அவரை விடவில்லை. இதை அறிந்தபின் அந்த அங்கியின் கருமை எனக்கு வெறும் பதவி உடையாகத் தெரிவதில்லை.

1705 பிப்ரவரியில் பெர்லினில் இறந்தார். அவர் வழிவந்த இறையியலாளர் ஃபிராங்கேயின் ஹாலே நகரில் படித்த மிஷனரி சீகன்பால்க், மறு ஆண்டே தரங்கம்பாடியில் வந்து இறங்கி, பின்னர் அங்கே தமிழில் அச்சிட்டார். தமிழ் அச்சு வரலாற்றைப் படிக்கிறவர்கள் சீகன்பால்குக்கு முன் பார்க்க வேண்டிய முகம் ஸ்பேனருடையது.