ஆறு கோப்புகளும் ஓர் எச்சரிக்கையும்

சென்ற வாரம் பேத்தி என் மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய குறிப்பேடு அகப்பட்டது. ஒரு பக்கத்தில் நான்கு கணினி மென்பொருட்களின் பெயர்கள். எதிரே பென்சிலில் சரி, தவறு, கேள்விக்குறி. "என்ன தாத்தா, எக்ஸ்எம்எல் எடிட்டரெல்லாம் தேடியிருக்கீங்க!" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். அந்தப் பக்கத்தை எழுதிய நாட்களில் எனக்குத் தூக்கமில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். அரசு வேலையில் இருந்தவரை அந்தப் பிரெஞ்சு, பழைய பத்திரங்களைப் படித்துச் சொல்லத்தான் பயன்பட்டது. ஓய்வுக்குப் பிறகு என் மைத்துனர் மகன் வந்து நின்றான். மருத்துவமனைக் கருவிகளை நீராவியில் சுத்திகரிக்கும் ஆட்டோகிளேவ் செய்யும் சிறிய பட்டறை அவனுடையது. பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்ப ஆரம்பித்திருந்தான். "மாமா, மேனுவலை மட்டும் பிரெஞ்சில் போட்டுக் கொடுங்க" என்றான். ஒப்புக்கொண்டேன்.

மூன்று மாடல்கள். ஆங்கிலத்தில் மூன்று, பிரெஞ்சில் மூன்று, ஆக ஆறு வேர்ட் கோப்புகள். முக்கால்வாசி வாசகம் ஆறிலும் ஒன்றே. 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், தண்ணீர் அளவு, வால்வு பராமரிப்பு எல்லாம் அப்படியே.

பிறகு மூடியை மாற்றினார்கள். பழைய மூடியில் திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தும்போது உள்ளே ஆவி மிச்சமிருந்தால் 'உஸ்' என்று சத்தம் வந்து எச்சரிக்கும். புதிய மூடிக்கு நடுவில் ஒரு சக்கரம். அதைத் திருப்பினால் ஒரே மூச்சில் விடுபடும். அழுத்தம் இருக்கும்போது சக்கரம் திரும்பாதபடி தடுக்கும் பூட்டு பின்னால்தான் வந்தது. ஆகவே, முள் பூஜ்யத்துக்கு வரும்வரை சக்கரத்தைத் தொடாதீர்கள் என்று ஒரு புதிய எச்சரிக்கை சேர்த்தோம். நான் மொழிபெயர்த்தேன். இரண்டு பிரெஞ்சுக் கோப்புகளில் ஒட்டினேன். மூன்றாவதில் ஒட்டவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சாப்பிட எழுந்தேனோ, யாராவது கூப்பிட்டார்களோ.

சில மாதங்கள் கழித்து செனகலிலிருந்து ஒரு கடிதம். ஒரு செவிலியின் வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. மேனுவலில் இதைப்பற்றி ஒன்றுமே இல்லையே என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். அந்தக் கடிதத்தைப் பட்டறையில் பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆளான நான்தான் எல்லோருக்கும் படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

மைத்துனர் மகன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

அலுவலகத்தில் விதிப் புத்தகங்களுக்குத் திருத்தச் சீட்டு வரும். கத்தரித்து, பசை தடவி, உரிய பக்கத்தில் ஒட்ட வேண்டும். பிரிவுக்கு ஒரு புத்தகம் என்பதால், ஒருவர் ஒட்டியிருப்பார், ஒருவர் ஒட்டியிருக்கமாட்டார். முப்பது வருஷம் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தவன், அதே தவற்றைச் செய்திருந்தேன்.

சென்னையில் மென்பொருள் ஆவணம் எழுதும் வேலையில் இருந்த உறவுக்காரப் பெண்ணிடம் கேட்டேன். அவள்தான் எக்ஸ்எம்எல் பற்றிச் சொன்னாள். 1998இல் வந்த வடிவம். எழுத்து பெரிதா, தடிப்பா என்று எழுதுவதில்லை. இது தலைப்பு, இது ஒரு படி, இது எச்சரிக்கை என்று பெயரிட்டு எழுதுவது. ஆவணங்களுக்கென்று அதில் டிட்டா என்றொரு முறை. ஐபிஎம் உருவாக்கி, 2005இல் பொதுத் தரமானது. (டிட்டோ போட்டே வாழ்ந்த குமாஸ்தாவுக்குப் பெயர் உடனே பிடித்துவிட்டது.) எச்சரிக்கைகளை ஒரே கோப்பில் வைத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் கொடுத்துவிட்டால், மூன்று மேனுவல்களும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். ஒட்டும் வேலையே கிடையாது.

சரி, எதில் எழுதுவது? அங்கேதான் அந்தக் குறிப்பேடு வந்தது.

முதலில் நோட்பேட் பிளஸ் பிளஸ். இலவசம். ஆனால் குறிகளை நாமே தட்ட வேண்டும், ஒன்றை மூட மறந்தால் கோப்பே செல்லாது. பழைய இணையப் பக்கத்திலிருந்து நான் எடுத்து ஒட்டிய பிரெஞ்சில், ஆக்சாந் எழுத்துக்கெல்லாம் குறுக்குப் பெயர்கள் இருந்தன. எக்ஸ்எம்எல்லுக்குத் தானாகத் தெரிந்த குறுக்குப் பெயர்கள் ஐந்தே ஐந்து. ஆக்சாந் அதில் இல்லை. அரைநாள் போயிற்று. அடுத்தது ஃப்ரேம்மேக்கர். அச்சுப் பக்கம் அழகாக வரும், பெரிய நிறுவனங்களுக்கு ஏற்றது. எங்கள் ஆறு கோப்புக்கு, கொசுவுக்குப் பீரங்கி.

மூன்றாவது எக்ஸ்எம்எல்மைண்ட். பிரான்சில் செய்தது என்றதும் எனக்கு ஒரு பாசம். மகா கண்டிப்பு. அனுமதி இல்லாத இடத்தில் எதையும் வைக்க விடாது. தப்புக்குத் தப்பு மதிப்பெண் குறைக்கும் எங்கள் திக்தே வாத்தியார் நினைவுக்கு வந்தார். நான்காவது ஆக்சிஜன், ருமேனியாக்காரர்களுடையது. குறிகளோடும் பார்க்கலாம், குறிகளை மறைத்து வேர்ட் மாதிரியும் எழுதலாம்.

என் மனசு பிரெஞ்சுக்காரர் பக்கம்தான். ஆனால் மூடி மாறினால் முதலில் திருத்தப் போகிறவர் நானில்லை, பட்டறை ஃபோர்மேன். அவரை உட்காரவைத்து, ஒரே பக்கத்தை இரண்டிலும் அடிக்கச் சொன்னேன்: ஐந்து படிகள், ஒரு அட்டவணை, ஒரு எச்சரிக்கை. எக்ஸ்எம்எல்மைண்டில் கர்சர் எசகுபிசகான இடத்தில் நின்றுவிட, "சார், தட்டறேன், எழுத்தே விழமாட்டேங்குதே" என்றார். பழகினால் சரியாகிவிடும், ஆனால் ஐம்பத்தெட்டு வயதில் எத்தனை நாள் பழகுவார்? ஆக்சிஜனில் என்டரைத் தட்டியதும் அந்த இடத்தில் எதையெல்லாம் போடலாம் என்று பட்டியல் வந்தது. "இது நம்ம ஸ்டோர் இன்டென்ட் மாதிரி இருக்கு சார்" என்று தானே தேர்ந்தெடுத்தார். அவர் திருத்தியது எனக்கு வண்ணத்தில் தெரிந்தது; அதைப் பார்த்து நான் பிரெஞ்சைத் திருத்தலாம். பென்சிலால் பெரிய சரி போட்டேன்.

மொழிபெயர்ப்பை எந்த மென்பொருளும் செய்யவில்லை. ஆங்கிலத்தில் மாறியதை நான் பார்க்காவிட்டால் பிரெஞ்சு பழையதாகவே நிற்கும். அதை மைத்துனர் மகனிடம் சொல்லி, நான் கையெழுத்திடாமல் பிரெஞ்சு மேனுவல் அச்சுக்குப் போகக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டேன்.

புதிய மேனுவல் அச்சாகி வந்ததும் செனகலுக்கு முதல் பிரதி. எச்சரிக்கை மூன்றாம் பக்கத்தில், கட்டம் கட்டி இருந்தது. அந்தச் செவிலியின் பெயருக்குத் தனியாக ஒரு கடிதமும் வைத்தேன், விடுபட்டது என் கையால்தான் என்று. வேலைக்குத் திரும்பிவிட்டதாக இரண்டு வரி பதில் வந்தது. அதுவும் அந்தக் குறிப்பேட்டில்தான் மடித்து வைத்திருக்கிறேன்.